சங்கம் நிறுத்திய வேட்பாளர்: ஒரு புறநகர் வார்டின் 2022 தேர்தல்

2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், புதிதாக உருவான தாம்பரம் மாநகராட்சியின் ஒரு வார்டில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் கூடிச் சொந்த வேட்பாளரை நிறுத்தின. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். வாக்கு எண்ணிக்கை அன்று முகவராகவும் உட்கார்ந்தேன். அதனால் இது வெளியாள் எழுதும் ஆய்வு அல்ல. வார்டு எண்ணையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அடுத்த தேர்தலுக்கு இப்போதே பேச ஆரம்பித்திருக்கும் வேறு சங்கங்களுக்கு இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பின்னணி

தமிழ்நாட்டில் 2011 அக்டோபரில் தேர்வான உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அந்த ஆண்டு நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 2022 மார்ச் 2 அன்று புதிய கவுன்சிலர்கள் பதவியேற்கும்வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக, நகராட்சிகளும் பேரூராட்சிகளும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் இருந்தன. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் குப்பை வண்டி வரவில்லை என்றாலும் போய்ச் சொல்ல ஒரு கவுன்சிலர் கிடையாது. எங்கள் பகுதியில் நலச் சங்கங்கள் பலமானது இந்தக் காலத்தில்தான். மனு எழுதுவது, அலுவலகத்துக்கு நடப்பது, ஏரிக்கரையில் குப்பை கொட்டுகிறவர்களைப் படம் பிடித்து அனுப்புவது எல்லாம் சங்கத்தின் வேலையாயிற்று.

இதற்கிடையில் எல்லைகள் மாறின. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. வார்டுகள் 70. இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய பல்லாவரம் நகராட்சியில் மட்டும் 42 வார்டுகள், தாம்பரத்தில் 39. அந்த இரண்டைக் கூட்டினாலே 81. பத்து ஊர்களையும் சேர்த்த பிறகு 70 என்றால், ஒவ்வொரு வார்டும் எவ்வளவு பெருத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பேரூராட்சியாக இருந்த எங்கள் பக்கத்தில் பழைய கவுன்சிலர் மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தார். காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்துவிடலாம். புதிய வார்டோ அப்படிப்பட்ட பல வார்டுகளை ஒன்றாக விழுங்கியிருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. முடிச்சூர் போன்ற ஊர்கள் மாநகராட்சியில் சேராமல் ஊராட்சியாகவே இருந்தன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய தேதிகளில் நடந்தது. அங்கே ஒருவர் நான்கு நிறத்தில் நான்கு வாக்குச்சீட்டு போட்டார். ஊராட்சித் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். நான்கு மாதம் கழித்து எங்கள் முறை வந்தபோது இயந்திரத்தில் ஒரே ஓட்டு, கவுன்சிலருக்கு மட்டும். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் ஓட்டின் பொருள் இப்படி மாறிப்போயிருந்தது. ஊராட்சியில் சுயேச்சைகள் ஜெயித்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கும் ஆசை வந்தது. அங்கே சின்னம் இல்லாததால் எல்லோருமே ஒருவிதத்தில் சுயேச்சைகள் என்பதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

2021 நவம்பர் மழை அந்த ஆசையை உறுதியாக்கியது. பல தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. டிசம்பரில் ஒன்பது சங்கங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடின.

வார்டில் கண்டது

எங்கள் வார்டில் மூன்று ஊர் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. முதலாவது பழைய ஊர்: கோயில், குளம், நெருக்கமான தெருக்கள், தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள். இரண்டாவது, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மனை போட்டு விற்ற நகர்கள். ஓய்வு பெற்றவர்கள், அரசு ஊழியர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். மூன்றாவது, பத்துப் பன்னிரண்டு வருடங்களில் எழுந்த அடுக்குமாடிகள். அங்கே ஐடி வேலைக்காரர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் அதிகம்.

மண்டபத்துக்கு வந்த ஒன்பது சங்கங்களில் ஆறு நகர்களைச் சேர்ந்தவை, மூன்று அடுக்குமாடிகளைச் சேர்ந்தவை. பழைய ஊரிலிருந்து யாரும் வரவில்லை, ஏனென்றால் அங்கே சங்கம் கிடையாது. இருந்தது மகளிர் சுயஉதவிக் குழுக்களும் கோயில் கமிட்டியும்தான். அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பின்னால் நடந்த பலவற்றுக்கும் வேர் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் முடிவு: யாரை நிறுத்துவது

டிசம்பரில் எங்கள் மனதில் இருந்த வேட்பாளர் ஒரு சங்கச் செயலாளர். பாதாள சாக்கடைத் திட்டத்தின் ஒவ்வொரு கோப்பும் அவருக்கு மனப்பாடம். ஜனவரியில் வார்டு இடஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அப்படியிருக்க எந்த வார்டும் பெண்கள் வார்டாகலாம் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அன்று இடி விழுந்ததுபோல உட்கார்ந்திருந்தோம்.

"சார் வீட்டம்மாவையே நிறுத்திடலாமே, வேலையை சார் பார்த்துப்பார்" என்று ஒருவர் சொன்னார். செயலாளரே எழுந்து அதை மறுத்தார். கட்சிக்காரர்கள் அப்படிச் செய்வதைக் குறை சொல்லிக்கொண்டே நாமும் அதைச் செய்யக் கூடாது என்றார். அது சரியான முடிவு. இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

அடுத்து இரண்டு பெயர்கள் வந்தன. ஒருவர் நகர்ப் பகுதியில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. இன்னொருவர் பழைய ஊரில் தையல் கடை வைத்திருப்பவர், பதினைந்து வருடமாகச் சுயஉதவிக் குழுத் தலைவி. ரேஷன் கடையில் பொருள் வரவில்லை என்றாலும் யாருக்காவது பிரசவ வலி என்றாலும் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். இந்தப் பெயரைச் சொன்னது எங்கள் வீடுகளில் வேலை செய்யும் ஒரு அம்மா. அதைச் செயலாளரின் மனைவி கூட்டத்தில் வந்து சொன்னார்.

தலைமை ஆசிரியையைத் தேர்ந்தெடுத்தோம். அதிகாரிகளிடம் தயக்கமில்லாமல் பேசுவார், கோப்பு படிப்பார், கட்சித் தொடர்பு இல்லாதவர் என்பவை நாங்கள் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணமும் ஒன்று உண்டு: அவர் எங்களில் ஒருவர். நானும் அவருக்குத்தான் கை தூக்கினேன். தையல்காரரிடம் போய்ப் பேசி ஆதரவு கேட்கலாம் என்று தீர்மானம் மட்டும் எழுதினோம். போனது இருபது நாள் கழித்து, வேட்புமனு எல்லாம் முடிந்த பிறகு.

இரண்டாவது முடிவு: பணம்

ஓட்டுக்குக் காசோ பொருளோ கொடுப்பதில்லை, பெறும் நன்கொடைக்கெல்லாம் ரசீது என்று முடிவெடுத்தோம். சென்னை நீங்கலாக மற்ற மாநகராட்சிகளில் கவுன்சிலர் வேட்பாளரின் செலவு வரம்பு 85,000 ரூபாய். பொதுப் பிரிவுக்கு டெபாசிட் 4,000. எங்கள் மொத்தச் செலவு வரம்புக்குள் தாராளமாக அடங்கியது. கணக்கைத் தினமும் எழுதி வந்ததால், தேர்தலுக்குப் பிறகு முப்பது நாளுக்குள் ஒப்படைக்க வேண்டிய செலவுக் கணக்கில் எந்தச் சிரமமும் வரவில்லை. பல சுயேச்சைகள் தோற்ற சோர்வில் இதை விட்டுவிட்டு, மூன்று ஆண்டு போட்டியிட முடியாமல் தகுதி இழக்கிறார்கள். அது தேவையில்லாத இழப்பு.

பிரசார நாட்கள்

வேட்புமனு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. பரிசீலனை 5ஆம் தேதி, திரும்பப் பெறக் கடைசி நாள் 7. அன்று மாலைதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைக்கும். பிரசாரம் 17ஆம் தேதி மாலையோடு முடிய வேண்டும். அதாவது உதயசூரியனும் இரட்டை இலையும் அரை நூற்றாண்டாக மனதில் பதிந்திருக்கும் இடத்தில், புதிய சின்னம் ஒன்றைப் பதியவைக்க எங்களுக்குக் கிடைத்தது பத்தே நாள். கொரோனா மூன்றாம் அலையால் ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. வீடு வீடாகப் போவதுதான் வழி.

வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்ததும் அந்த வாரத்தில்தான். ஒரு அடுக்குமாடியின் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பாகம் எண் போட்ட தாள்களைப் பரப்பி, வருகிறவர்களிடம் பெயரைக் கேட்டுத் தேடினோம். சங்கத்தின் பொருளாளர் வந்தார். டிசம்பர் கூட்டத்தில் எல்லோரையும்விட ஆவேசமாகப் பேசியவர் அவர். அவர் பெயர் பட்டியலில் இல்லை. மனைவியின் பெயரும் இல்லை. "எங்களுக்கு ஓட்டு திருச்சியிலதான் சார் இருக்கு" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. அடுத்து வந்தவருக்கு ஓட்டு நங்கநல்லூரில், முன்பு வாடகைக்கு இருந்த வீட்டு முகவரியில். அன்று சாயங்காலம் நோட்டில் ஒரு பக்கத்தில் வீட்டு எண்களும், எதிரே ஓட்டு இருக்கும் ஊர்களும் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டாவது பத்தி ஒரு ரயில்வே கால அட்டவணை மாதிரி நீண்டது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வார்டில் ஓட்டே இல்லை.

இன்னொரு சிக்கல் எல்லைக்கோடு. ஒன்பது சங்கங்களில் ஒன்றின் தெருக்கள் முழுவதும் அடுத்த வார்டுக்குள் விழுந்திருந்தன. மறுவரையறை வரைபடம் பொதுப் பார்வைக்கு வந்தபோது யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்தச் சங்கத்தார் எங்களுக்காகத் தினமும் துண்டறிக்கை கொடுத்தார்கள், ஆனால் ஓட்டுப் போட முடியாது.

பழைய ஊருக்கு 9ஆம் தேதி போனோம். மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். தையல் கடையில் அந்த அக்கா தைத்துக்கொண்டே பேசினார். "டீச்சரம்மா நல்லவங்கதான், நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா எங்க தெருவுக்கு இப்பத்தானே வர்றாங்க." அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஏரி பற்றிப் பேசினோம். அவர் பொதுக் கழிப்பறையைப் பற்றியும் பட்டா பற்றியும் கேட்டார். எங்கள் துண்டறிக்கையில் இருந்த ஏழு கோரிக்கைகளில் அந்த இரண்டும் கிடையாது.

வாக்குப்பதிவும் எண்ணிக்கையும்

பிப்ரவரி 19, சனிக்கிழமை. மாநிலம் முழுவதும் சுமார் 60 சதவீதம் ஓட்டு பதிவானது, சென்னை மாநகராட்சியில் 43 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. நகரத்துக்கு அருகே வர வர வாக்குப்பதிவு சரியும் என்பது ஊரறிந்த விஷயம். அதையே ஒரு வார்டுக்குள் எட்டு வாக்குச்சாவடிகளில் கண்ணால் பார்த்தேன். பழைய ஊர்ச் சாவடிகளில் காலை ஏழு மணிக்கே வரிசை. அடுக்குமாடிக்காரர்களுக்கான சாவடியில் மதியம் அலுவலர்கள் நிழலுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

22ஆம் தேதி எண்ணிக்கை. தபால் ஓட்டு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியின் கட்டுப்பாட்டுக் கருவியாக மேசைக்கு வந்தது. முத்திரை சரியாக இருக்கிறதா என்று காட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துவார்கள். சிவப்பு எழுத்தில் வேட்பாளர் எண்ணும் அவர் வாங்கிய ஓட்டும் வரிசையாக வரும். கம்பி வலைக்கு வெளியே இருந்து எட்டிப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் அசந்தால் எண் போய்விடும். நான் கட்டம் போட்ட நோட்டில் எட்டு சாவடிக்கும் எல்லா வேட்பாளருக்கும் எழுதினேன். அந்த ஒரு தாள்தான் இந்தத் தேர்தலில் எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து.

முடிவு: வார்டு திமுக கூட்டணிக்கு. அதிமுக இரண்டாவது. எங்கள் ஆசிரியை மூன்றாவது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டியதால் டெபாசிட் தப்பியது. மாநிலமெங்கும் காற்று ஒரே பக்கம் வீசிய தேர்தல் அது: 21 மாநகராட்சிகளும் திமுக கூட்டணிக்கே போயின, சென்னையில் 200 வார்டுகளில் 153 திமுகவுக்கு. எங்களைச் சுற்றித் தாம்பரம், ஆவடி, சென்னை மூன்றிலும் மேயர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, சென்னையிலும் தாம்பரத்திலும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு. மார்ச் 4 அன்று தாம்பரத்தின் முதல் மேயராக வசந்தகுமாரி தேர்வானபோது அவருக்கு வயது 25. இதை எங்கள் வார்டுக் கதையிலிருந்து விலகிய செய்தியாக நான் பார்க்கவில்லை. கோப்பு படிக்கத் தெரிந்த மூத்தவர்தான் மன்றத்துக்குத் தகுதி என்று மண்டபத்தில் பேசினோமே, அந்தப் பேச்சு அன்று என் காதில் மறுபடி கேட்டது.

தோல்வியை ஆராய்ந்தது

முதல் ஒரு வாரம் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "காசு விளையாடிடுச்சு." காசு கொடுத்ததை நான் பார்க்கவில்லை, அதனால் அது பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் என் தாளை வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் தாங்கவில்லை. நகர்ப் பகுதிச் சாவடிகளில் நாங்கள் முதலிடம். காசுக்கு யாரும் கை நீட்டாத அடுக்குமாடிச் சாவடிகளிலும் முதலிடம்தான், ஆனால் பதிவான ஓட்டே சொற்பம். பழைய ஊரின் மூன்று சாவடிகளில் எங்களுக்கு விழுந்தது மிகக் குறைவு. அங்கே அதிகம் பேர் ஓட்டுப் போட்டார்கள், அவர்களுக்கு வேட்பாளரைத் தெரிந்திருந்தது. ஜெயித்தவரின் வீடு பழைய ஊருக்குப் பக்கத்துத் தெரு. அவரும் சுயஉதவிக் குழுவில் இருந்தவர்.

சங்கக் கூட்டத்தில் இந்தத் தாளைப் படித்துக் காட்டியபோது சிலருக்குக் கோபம். ஆசிரியை மட்டும் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பழைய ஊரின் மூன்று வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அப்புறம், "நான் அந்தத் தையல்கடை அம்மாவுக்கு வேலை செஞ்சிருக்கணும்" என்றார்.

பிறகு நடந்தது

சங்கங்களில் நான்கு அதோடு ஒதுங்கிக்கொண்டன. மீதி ஐந்து புதிய கவுன்சிலரைப் போய்ப் பார்த்தன. போட்டியிட்டவர்கள் என்பதால் முதல் சில மாதம் இறுக்கம் இருந்தது, பிறகு தளர்ந்தது. 2022இல் வார்டு குழுவுக்கும், மக்கள் கூடித் தங்கள் பகுதியின் தேவைகளைச் சொல்லும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் பகுதி சபைகள் கூடின. முதலமைச்சர் கலந்துகொண்டது எங்கள் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் என்பதால் அன்று எல்லோர் கவனமும் இந்தப் பக்கம் இருந்தது. எங்கள் வார்டின் சபையில் தையல்கார அக்கா எழுந்து கழிப்பறை பற்றிப் பேசினார், ஆசிரியை மழைநீர் வடிகால் பற்றிப் பேசினார். மதியத்துக்குமேல் இருவரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதிக் கொடுத்தார்கள். கழிப்பறை பழுதுபார்க்கப்பட்டது. வடிகால் வேலை இரண்டு தெருவில் முடிந்தது, ஒரு தெருவில் நிற்கிறது.

மறுமுறை மாற்றுவது

ஊரகத்தில் 27 மாவட்டங்களின் ஊராட்சி மன்றக் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து அங்கே மறுபடி தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் மன்றத்தின் காலம் 2027 மார்ச் வரை. தேர்தல் சொன்ன தேதியில் வரும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது, அதனால் வேலையை இப்போதே தொடங்கியிருக்கிறோம்.

முதல் வேலை பட்டியல். உள்ளாட்சிக்குத் தனி வாக்காளர் பட்டியல் கிடையாது, சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். முகவரி மாறியவர் படிவம் 8, புதியவர் படிவம் 6 கொடுக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பலன் குறைவு. வீடு மாறி வருகிறவரிடம் பராமரிப்புக் கட்டணம் கேட்கும்போதே ஓட்டு எங்கே என்றும் கேட்க ஒரு பத்தியைச் சங்கப் பதிவேட்டில் சேர்த்தோம். சொந்த ஊரில் ஓட்டு வைத்துக்கொள்வது அவரவர் உரிமை. அதை மாற்றச் சொல்லி வற்புறுத்துவதில்லை. ஆனால் அவர்களை நம்பி வேட்பாளரை நிறுத்துவதுமில்லை.

இரண்டாவது, எல்லை. அடுத்த மறுவரையறை வரைவு வந்தால், ஆட்சேபம் சொல்லும் காலத்துக்குள் தெருத் தெருவாகப் பார்க்க இரண்டு பேர் பொறுப்பு.

மூன்றாவது, வேட்பாளர். சங்கம் நிறுத்தினால், மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரு கூட்டம் போட்டு, பெயரை அங்கே எடுப்போம். கல்யாண மண்டபத்துக்குப் பதில் பழைய ஊர்ச் சமுதாயக் கூடத்தில். அல்லது நிறுத்தாமலே இருந்து, எல்லா வேட்பாளரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் இன்னும் முடிவாகவில்லை. என் கருத்து நிறுத்த வேண்டும் என்பதுதான்.

போன மாதம் படிவம் நிரப்பும் முகாம் ஒன்றைத் தையல் கடை வாசலிலேயே வைத்தோம். அடுக்குமாடியிலிருந்து பதினொரு பேர் அந்தத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு தெரு இருப்பதே அன்றுதான் தெரியும். ஆசிரியை படிவத்தைச் சரிபார்க்க, அக்கா தையல் மிஷின் மேல் பட்டியலை விரித்து, அளவு குறிக்கும் சாக்பீஸால் பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார். திருச்சியில் ஓட்டு வைத்திருந்த பொருளாளர் வரிசையில் நான்காவதாக நின்றார்.